பாலியஸ்டர் கலந்த துணியில் சப்ளிமேஷன் அச்சு: பெங்களூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் போன்ற, தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், வீட்டின் முன்னறையிலேயே ஒரு பிரிண்டரையும், சூட்டோடு அழுத்தும் ஒரு ஹீட் பிரஸ்ஸையும் வைத்துக்கொண்டு டி-சர்ட் அச்சிட்டுத் தருபவர்கள் பலர் உண்டு. நானும் அல்சூரில் அப்படி ஓர் அறையில் தொடங்கியவன்தான். கபடிக் குழு, கோயில் திருவிழாக் குழு, பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சேர்ந்து போகும் ஐ.டி. ஊழியர்கள், நவம்பர் 1 அன்று கன்னட ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சட்டை கேட்கும் ஆட்டோ நிலையத்தார் என்று கேட்டு வருவோருக்குக் குறைவில்லை. இவர்களில் பலர் முழுப் பாலியஸ்டர் சட்டையை விரும்புவதில்லை. வியர்த்தால் உடம்பில் ஒட்டுகிறது என்று சொல்லி, பருத்தி கலந்த துணியைத்தான் கேட்கிறார்கள். காகிதத்தில் அச்சிட்ட படத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றும் சப்ளிமேஷன் அச்சு முழுப் பாலியஸ்டரில் எளிதாக வரும், கலவைத் துணியில் வேறு விதமாக நடந்துகொள்ளும். அந்த வேறுபாட்டை அறியாமல் கருவிகளை வாங்கிவிட்டுப் பின்பு தவிப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சாயம் இழைக்குள் நுழையும் விதம்

கற்பூரமும் பாச்சை உருண்டையும் உருகி நீராகாமல் நேராக ஆவியாவதைப் பள்ளிப் பாடத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்போம். சப்ளிமேஷன் மையில் இருக்கும் டிஸ்பர்ஸ் வகைச் சாயமும் அப்படிப்பட்டதுதான். காகிதத்தில் அச்சிட்ட சாயம், ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும்போது வாயுவாக மாறிக் காகிதத்தை விட்டுக் கிளம்புகிறது. பாலியஸ்டர் இழை, 70 முதல் 80 டிகிரியிலிருந்தே உள்ளுக்குள் இளகத் தொடங்கி, 190 டிகிரியைத் தாண்டும்போது வாயுவான சாயம் உள்ளே போகும் அளவுக்கு இடம் கொடுக்கிறது. சூடு ஆறியதும் இழை மறுபடி இறுகிக்கொள்வதால், உள்ளே போன சாயம் அங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. அச்சிட்ட இடத்தைத் தடவிப் பார்த்தால் கைக்கு எதுவும் தட்டுப்படாததற்கும், பல நூறு சலவைக்குப் பிறகும் அந்த அச்சு உரியாமல் வெடிக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

பருத்தி இழைக்கு இந்தச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை கிடையாது. சூட்டில் பருத்தியின் மேலும் சாயம் படியும். பிரஸ்ஸிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் துணி முழுவதும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அது மேற்பூச்சு மட்டுமே. முதல் இரண்டு மூன்று சலவைகளில் பருத்தியின் மேலிருந்த சாயம் கழுவிப் போய்விடும்; பாலியஸ்டருக்குள் புகுந்தது மட்டும் தங்கும். 65 பங்கு பாலியஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்த துணியென்றால், தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு இழைகளே நிறத்தோடு நிற்கும், மற்றவை வெள்ளையாகத் திரும்பிவிடும். பிரஸ்ஸிலிருந்து எடுத்த சட்டையைப் பார்த்து மகிழ்வதும், அதைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவதும் இந்தத் தொழிலில் செய்யும் முதல் தவறு. இந்தக் கட்டுரையில் எந்த இடத்தில் நிறம், தெளிவு, தரம் என்று நான் எழுதினாலும், மூன்று முறை துவைத்த பிறகு தெரிவதையே குறிப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது, மேலும் இந்த மைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிபவை. எனவே துணியின் நிறம் எப்போதும் அச்சின் நிறத்தோடு கலந்தே தெரியும். மஞ்சள் சட்டையில் சிவப்பு எழுத்து நன்றாகவே வரும், சற்றே ஆரஞ்சுச் சாயல் தட்டும். அதே மஞ்சளில் நீல எழுத்தை அச்சிட்டால் பச்சைதான் கிடைக்கும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் குழுவாக வந்து, கறுப்புச் சட்டையில் குருசாமியின் பெயரைப் போட்டுத் தரச் சொல்வார்கள். கறுப்புத் துணியில் சப்ளிமேஷன் செய்ய இயலாது. அவர்களிடம், படலத்தில் அச்சிட்டுத் துணியில் சூட்டால் ஒட்டும் டி.டி.எஃப். முறையில் செய்து தருவதாகச் சொல்லுங்கள். அல்லது, வெள்ளைத் துணி முழுவதையும் கறுப்பாக அச்சிட்டு எழுத்தை மட்டும் வெள்ளையாக விடும் வழி உண்டு, ஆனால் அதற்குத் தைப்பதற்கு முந்திய வெட்டுத் துணியும் பெரிய பிரஸ்ஸும் தேவைப்படும். முன்னறையில் தொடங்குபவருக்கு அது எட்டாது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

துணிக்கான பாலியஸ்டர் இழையை 1941இல் கண்டுபிடித்த வின்ஃபீல்டும் டிக்சனும் மான்செஸ்டரைத் தலைமையிடமாகக் கொண்ட காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அச்சுத் தொழிலின் மடியில் பிறந்த இழை என்பதாலோ என்னவோ, அச்சுக்கு இவ்வளவு இணக்கமான வேறொரு துணியை நான் பார்த்ததில்லை. சிக்கல் எல்லாம் அதோடு எதைக் கலக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

பெங்களூரில் சிக்பேட்டையின் சந்துகளில் மொத்த வியாபாரிகளிடம் வெற்றுச் சட்டைகளை வாங்கலாம். ஆனால் பின்னலாடையைப் பொறுத்தவரை பெரும்பாலோர் திருப்பூரிலிருந்துதான் வரவழைக்கிறார்கள். இரவில் பார்சலில் ஏற்றிவிட்டால் காலையில் இங்கே வந்து சேர்ந்துவிடும் தூரம்தான். விற்பவரிடம் கேட்கும்போது பொதுவாக "சப்ளிமேஷன் டி-சர்ட்" என்று கேட்காமல், கலவை விகிதத்தையும் ஜி.எஸ்.எம். எடையையும் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) சொல்லிக் கேளுங்கள். "டாட் நிட்" என்று விளையாட்டுச் சட்டைகளுக்குத் தருவது பெரும்பாலும் முழுப் பாலியஸ்டர். "பி.சி." என்று சொன்னால் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தது என்று பொருள், அதில் எது எவ்வளவு என்பதை அந்த இரண்டு எழுத்துகள் சொல்வதில்லை. "காட்டன் ஃபீல்" என்ற பெயரில் வருவதில் பருத்தியே இல்லாமலும் இருக்கலாம். பருத்தியைப் போலத் தொடுகை தரும்படி நூற்ற பாலியஸ்டர் அது. பருத்தி கலந்தது வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் இந்தத் துணியே போதுமானதாக இருக்கும் என்பது என் அனுபவம், அச்சும் முழு நிறத்தில் நிற்கும். எனவே கலவைத் துணிக்குப் போவதற்கு முன், இதன் ஒரு சட்டையை வாடிக்கையாளரின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

உண்மையாகவே கலவைத் துணிதான் வேண்டும் என்றால், என் எல்லைக் கோடு 65 சதவீதம். அதற்கு மேல் பாலியஸ்டர் இருந்தால் சலவைக்குப் பின் நிறம் சற்றே மென்மையாகும், குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாதிக்குப் பாதி கலந்த துணியில் அச்சு வெளிறி, பல வருடம் அணிந்த சட்டையைப் போன்ற தோற்றம் வரும். இதை விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் துவைத்த மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்த வேலையை எடுக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் வேறு முறையைச் சொல்லி அனுப்பிவிடுவதே நல்லது. பருத்தியின் மேல் தெளித்துவிட்டு அச்சிடும் பூச்சுத் திரவங்கள் கிடைக்கின்றன. நான் முயன்று பார்த்த வரையில் துணி விறைக்கிறது, பூச்சு தேயத் தேய அச்சும் தேய்கிறது. விற்பனைக்குத் தரும் சட்டையில் அதை நான் பயன்படுத்துவதில்லை.

லைக்ரா கலந்த பாலியஸ்டர் நன்றாக நிறம் பிடிக்கும், ஆனால் அதிகச் சூட்டில் லைக்ராவின் இழுவைத் தன்மை போய்விடும் என்பதால் 185 முதல் 190 டிகிரிக்குள் வேலையை முடிக்க வேண்டும். நைலான் கலந்ததில் நிறம் ஏறினாலும் சலவையில் சரியாக நிற்பதில்லை. விஸ்கோஸ் கலந்தது பருத்தியைப் போலவே நடந்துகொள்ளும்.

விற்பவர் சொல்லும் விகிதத்தை அப்படியே நம்பியதால் நான் பட்டது இது. தொடங்கிய ஆண்டில் ஒரு கிரிக்கெட் குழுவுக்காக 42 சட்டைகளை 65க்கு 35 என்ற விகிதம் என்று சொல்லி ஒரு கடையில் வாங்கினேன். அச்சு அருமையாக வந்தது. இரண்டு வாரம் கழித்துக் குழுத் தலைவர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். மைசூர் சில்க் ஊதாவில் கொடுத்த பெயர் எல்லாம் வாடிய கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பிறகு எரித்துப் பார்த்ததில் பருத்தி பாதிக்கு மேல் இருப்பது தெரிந்தது. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தக் கட்டு வந்தாலும் முதலில் எரித்துப் பார்க்காமல் பிரிப்பதில்லை.

எரிப்புச் சோதனையை இப்படிச் செய்யுங்கள். சட்டையின் உள்மடிப்பிலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக்கொண்டு, தீக்குச்சியின் சுடரருகே கொண்டுபோங்கள். பாலியஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறிய பின் நகத்தால் நசுக்க முடியாத கெட்டியான மணியாக உறையும். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கலவை நூலில் இரண்டும் சேர்ந்து வரும்: பாலியஸ்டர் கூடுதலாக இருந்தால் எஞ்சுவது கெட்டியாக இருக்கும், பருத்தி கூடுதலாக இருந்தால் விரலில் பொடிந்துபோகும். உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டால் கடுமையாகச் சுடும் என்பதால் வெறும் விரலால் பிடிக்காதீர்கள். இந்தச் சோதனை துல்லியமான சதவீதத்தைச் சொல்லாது. ஏமாற்றப்பட்டோமா என்பதைச் சொல்லிவிடும், அதுவே போதுமானது.

எடையில் 160 முதல் 180 ஜி.எஸ்.எம். வரை உள்ள துணி வசதியானது. மெல்லிய துணியில் சாயம் மறுபக்கத்துக்கு ஊடுருவி முதுகுப் பக்கத்திலும் நிழல் விழுந்துவிடும். வெள்ளை எல்லாம் ஒரே வெள்ளை இல்லை என்பதையும் கவனியுங்கள். நீலச் சாயல் ஏற்றிய வெள்ளையில் தோலின் நிறம் சவக்களை தட்டும். ஆள் படம் அச்சிடுவதற்குச் சற்று இளமஞ்சள் தட்டிய வெள்ளையே நல்லது.

கருவிகள்

பிரிண்டரைப் பொறுத்தவரை எப்சன் நிறுவனத்தின் மை டாங்க் வகைகளையே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் தலைப்பகுதி மின்னழுத்தத்தால் அதிர்ந்து மையைத் தள்ளுகிறது, மையைச் சூடாக்குவதில்லை. சூட்டால் மையைத் தெறிக்கவிடும் வகைப் பிரிண்டர்களுக்கு இந்த மை ஒத்துவராது. எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் வாங்கினாலும், சாதாரண மை ஒருமுறைகூட ஊற்றாத புதிய பிரிண்டராக வாங்கி, முதல் முறையே சப்ளிமேஷன் மையை நிரப்புங்கள். வேறு மை ஊற்றினால் நிறுவனத்தின் வாரண்டி பொதுவாகச் செல்லாது என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள். அந்தக் கவலை வேண்டாம் என்பவர்களுக்கு எப்சனே சப்ளிமேஷனுக்கென்று தயாரிக்கும் எஃப் வரிசைப் பிரிண்டர்கள் உண்டு, விலைதான் கூடுதல். பெயரும் எண்ணும் சின்னமும் அச்சிட நான்கு நிறப் பிரிண்டர் போதும். ஆள் படம் அதிகம் வருமென்றால் ஆறு நிறம் உள்ளதை வாங்குங்கள்.

இந்த மை சும்மா கிடந்தால் உறைந்து துளையை அடைத்துக்கொள்ளும். ஆர்டர் இல்லாத வாரத்திலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு சிறு படத்தை அச்சிட்டுவிடுங்கள். அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதைவிட இதில் மை குறைவாகவே செலவாகும். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கி வந்தவர்கள் எத்தனை பேர் அடைத்துப்போன பிரிண்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியும்.

ஹீட் பிரஸ்ஸில் 15க்கு 15 அங்குலம் உள்ளது தொடக்கத்துக்குச் சரி. ஏ3 அளவில் படம் அச்சிடுவதானால் 16க்கு 24 அங்குலம் வேண்டும். கப், தொப்பி, தட்டு என்று எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தில் செய்யலாம் என்று விற்கும் கூட்டு இயந்திரங்களைத் துணி வேலைக்கு நான் சொல்லமாட்டேன். அவற்றின் தட்டுச் சிறியதாகவும் சூடு சீரற்றும் இருக்கும். சிறிய பிரஸ்கூட 1,400 முதல் 1,800 வாட் வரை இழுக்கும், அதாவது ஏறத்தாழ ஆறு முதல் எட்டு ஆம்பியர். எனவே நில இணைப்பு (எர்த்) உள்ள தனி 16 ஆம்பியர் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகக் கூடாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒயரின் தடிமனைப் பார்த்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. ஐம்பது நொடி அழுத்தத்தின் நடுவில் மின்சாரம் போனால் அந்தச் சட்டை போனதுதான்.

இவை தவிர, சப்ளிமேஷன் காகிதம், சூடு தாங்கும் டேப், தூசியை ஒட்டி எடுக்கும் லிண்ட் ரோலர், பூச்சில்லாத வெற்று வெள்ளைக் காகிதக் கட்டு, சட்டைக்குள் நுழைக்க டெஃப்லான் உறையிட்ட ஒரு நுரைத் தலையணை ஆகியவை போதும். காகித வகைகளை அவென்யூ சாலை, சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் பார்த்து வாங்கலாம்.

சோதனைக் கட்டம்

புதிய பிரஸ்ஸும் புதிய துணியும் கைக்கு வந்ததும், ஆர்டர் எடுப்பதற்கு முன் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். முழுப் பாலியஸ்டருக்கு 195 முதல் 200 டிகிரி, 45 முதல் 60 நொடி என்பது பொதுவான அளவு. கலவைத் துணியில் பருத்தி சூட்டில் மஞ்சளிக்கத் தொடங்குவதால், 190இலிருந்து 195 டிகிரிக்குள் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் பிரஸ்ஸின் முகப்பில் தெரியும் 195, தட்டின் மூலையில் 180ஆகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, தட்டின் முழு அளவுக்கு ஒரே கறுப்பு நிறத்தை அச்சிட்டு, வெள்ளைப் பாலியஸ்டர் துணியில் அழுத்திப் பாருங்கள். கறுப்பு பழுப்பாகத் தெரியும் இடங்களில் சூடு போதவில்லை என்று பொருள். அந்த மூலைகளில் படத்தை வைக்காமல் தவிர்க்கலாம், மிக மோசமாக இருந்தால் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.

அடுத்து, வாங்கிய சட்டையில் ஒன்றைப் பலியாகக் கொடுங்கள். அதைப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, கறுப்பு, சிவப்பு, நீலம், ஒரு தோல் நிறம், ஒரு மெல்லிய கோடு ஆகியவை உள்ள சிறு படத்தை ஒவ்வொன்றிலும் அச்சிடுங்கள்: 185, 190, 195, 200 டிகிரி ஒவ்வொன்றிலும் 40, 50, 60 நொடி. எந்தத் துண்டு எந்த அளவு என்பதைச் சலவையில் போகாத மார்க்கரால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் படத்தின் நடுவே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபாதியை வீட்டில் புழங்கும் அதே சோப்புத்தூளில் மூன்று முறை துவைத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு பாதிகளையும் பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, புத்தகமோ விற்பனையாளரோ சொல்ல முடியாத விடை உங்களுக்குக் கிடைக்கும். துவைத்த பாதியில் எது அடர்த்தியாக நிற்கிறதோ, அதே வேளையில் அச்சிடாத வெள்ளைப் பகுதி மஞ்சளிக்காமல் இருக்கிறதோ, அதுவே அந்தத் துணிக்கான அளவு. என் பிரஸ்ஸில் 65க்கு 35 துணிக்கு அது 193 டிகிரி, 55 நொடி என்று வந்தது. உங்களுக்கு வேறாக வரலாம்.

அழுத்தத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு காகிதத் துண்டை வைத்து, சூடு ஏற்றாத பிரஸ்ஸை மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரிச் சற்று முரண்டு பிடித்து வந்தால் சரி. ஒன்று தாராளமாக வழுக்கி வந்தால் தட்டு சாய்ந்திருக்கிறது.

படத்தைத் தயார் செய்தல்

படம் அச்சிடும் அளவிலேயே 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். கலவைத் துணியில் சலவைக்குப் பின் பருத்தி இழைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் திரும்பும் என்பதால், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகளும் சின்ன எழுத்துகளும் அறுந்து தெரியும். நிறங்களைச் சற்று ஆழமாகவே வையுங்கள், வெளிர் சாயல்களை நம்பாதீர்கள். மை விற்பவர் தரும் ஐ.சி.சி. புரொஃபைல் என்ற நிறத் திருத்தக் கோப்பை ஏற்றி, பிரிண்டரின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். புரொஃபைல் கிடைக்கவில்லையென்றால், நிறக் குறியீடுகளோடு ஒரு வண்ண அட்டவணையை அதே துணியில் அச்சிட்டு, துவைத்து, சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் சிவப்பைவிட அந்தச் சுவரில் தொங்கும் சிவப்பே நம்பத் தகுந்தது. காகிதத்தில் அச்சு மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம், சூடு பட்டதும்தான் நிறம் விழிக்கும்.

தமிழ் எழுத்துகளில் இரண்டு கண்ணிகள் உண்டு. வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கொ', 'கை' போன்றவற்றின் கொம்புகள் இடம் மாறி நிற்கும். சரிபார்த்த பின் எழுத்தைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிச் சேமித்துவிட்டால் வேறு கணினியில் திறந்தாலும் சிதையாது. இரண்டாவது, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறப்பது. ஆங்கில எழுத்து திரும்பாமல் காகிதத்தில் வந்துவிட்டால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே உதவிக்கு வரும் பையன்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நேராக இருக்கும் தமிழும் திரும்பியிருக்கும் தமிழும் அவர்களுக்கு ஒன்றுதான். எனவே தமிழ்ப் படங்களின் ஓரத்தில், அழுத்துவதற்கு முன் கிழித்து நீக்கிவிடும் பகுதியில், ஓர் ஆங்கில எழுத்தை வைத்துவிடுவேன். அது காகிதத்தில் நேராகத் தெரிந்தால் அழுத்தக் கூடாது என்பது எங்கள் அறையின் விதி.

ஐ.பி.எல். அணிகளின் சின்னங்களும் பெயர்களும் பதிவு பெற்ற வணிகக் குறிகள். சின்னசாமி விளையாட்டரங்கில் ஆட்டம் நடக்கும் வாரத்தில் அவற்றைக் கேட்டு எத்தனை பேர் வந்தாலும், உரிமம் இல்லாமல் அச்சிட்டு விற்காதீர்கள்.

அழுத்தும் முறை

முதலில் பிரஸ்ஸைச் சூடாக்கி, அளவு எட்டிய பிறகும் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். நுரைத் தலையணையைச் சட்டைக்குள் நுழைத்து, கழுத்துத் தையலும் பக்கத் தையலும் தலையணையின் விளிம்புக்கு வெளியே தாழ்ந்திருக்கும்படி அமையுங்கள். தையலின் மேடு அழுத்தத்தைத் தின்றுவிடும். தலையணைக்கும் சட்டையின் முன்பக்கத்துக்கும் இடையே ஒரு வெற்றுக் காகிதத்தை வையுங்கள், இல்லையென்றால் சாயம் ஊடுருவித் தலையணையில் ஏறி, அடுத்த சட்டையில் பேயாகத் தோன்றும்.

பிறகு லிண்ட் ரோலரால் அச்சிடும் இடம் முழுவதும் இரண்டு முறை உருட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி இழை சூட்டில் நீலப் புள்ளியாக மாறிவிடும், அதை எதனாலும் எடுக்க முடியாது. இந்த ஊரின் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, காகிதம் வைக்காமல் சட்டையை மட்டும் ஐந்திலிருந்து பத்து நொடி அழுத்தி எடுங்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே காற்றிலேயே ஈரம் இருக்கும். அந்த ஈரம் போகாமல் அச்சிட்டால் நிறம் திட்டுத் திட்டாக விழும். அச்சுக் காகிதத்தையும் அந்த மாதங்களில் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வையுங்கள்.

அச்சுக் காகிதத்தைப் படத்தைச் சுற்றிக் கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டாமல், கையால் கிழித்து ஓரத்தை மெலிதாக்குங்கள். பாலியஸ்டரில் சதுரமான காகிதத் தடம் விழுவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மைப் பக்கம் துணியைப் பார்த்திருக்கும்படி வைத்து, நகராதபடி இரண்டு இடங்களில் சிறிய டேப் துண்டு ஒட்டி, மேலே இன்னொரு வெற்றுக் காகிதத்தை வைத்து மூடுங்கள். ஒரு சட்டைக்குப் பயன்படுத்திய வெற்றுக் காகிதத்தை அடுத்த சட்டைக்கு வைக்காதீர்கள், அதில் ஏறியிருக்கும் சாயம் மறுபடி கிளம்பி வரும். சிக்கனம் என்று பழைய செய்தித்தாளை வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தலைப்புச் செய்தி சட்டையில் ஏறாமல் இருந்தால் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

நேரம் முடிந்ததும் மேல்தட்டை மெதுவாகத் தூக்குங்கள். வேகமாகத் தூக்கினால் காகிதம் காற்றில் எழும்பி மறுபடி விழுந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் வந்துவிடும். சூடு இருக்கும்போதே ஒரு மூலையைப் பிடித்துக் காகிதத்தை ஒரே இழுப்பில் உரித்துவிடுங்கள், நடுவில் நிறுத்தி மறுபடி வைத்துப் பார்க்காதீர்கள். புகை கண்ணை உறுத்தும் என்பதால் சன்னலைத் திறந்து வைத்திருங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அறைக் கதவை மூடிவிடுங்கள்.

உரித்த காகிதத்தை எறிவதற்கு முன் பாருங்கள். அதில் மை அடர்த்தியாகத் தங்கியிருந்தால் சூடோ நேரமோ அழுத்தமோ போதவில்லை. சிறிது தங்குவது இயல்பு. காகிதமே பழுப்பேறியிருந்தால் சூடு மிகுதி. சட்டையில் காகிதத் தடமோ பளபளப்போ தெரிந்தால் அழுத்தத்தைக் குறைத்து, தடம் விழுந்த இடத்தில் நீராவி இஸ்திரியைத் துணியைத் தொடாமல் மேலே பிடித்துக் காட்டினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஒப்படைப்பதற்கு முன்

நூறு சட்டை ஆர்டர் என்றால் நான் நூற்றைந்து சட்டை வாங்குகிறேன்; விலை சொல்லும்போது அந்த ஐந்தின் விலையையும் சேர்த்தே சொல்கிறேன். புதியவர்கள் மையையும் காகிதத்தையும் கணக்கில் எழுதிவிட்டு, கெடும் சட்டையையும் மின்கட்டணத்தையும் விட்டுவிடுவார்கள். முன்பணம் வாங்கும்போதே, துவைத்த மாதிரித் துண்டைக் காட்டி, "மூன்று சலவைக்குப் பின் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். பேரம் பேச வருபவர்கள்கூட அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்த பின் துணியைப் பற்றித்தான் கேள்வி கேட்கிறார்கள்.

சட்டையோடு ஒரு சிறு சீட்டை வைத்துவிடுங்கள்: முதல் சலவை தனியாக, குளிர்ந்த நீரில், உட்புறம் வெளியே திருப்பி; பிளீச் கூடாது; அச்சின் மேல் நேரடியாக இஸ்திரி போடக் கூடாது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டால் யார் வீட்டுக்குப் போனாலும் பயன்படும்.

திருப்பூரிலிருந்து ஒரே பெயரில், ஒரே எண்ணில் மறுமுறை வரும் கட்டிலும் கலவை சற்று மாறியிருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி, தேதியும் வாங்கிய இடமும் டிகிரியும் நொடியும் எழுதி, துவைத்த பாதியையும் துவைக்காத பாதியையும் சேர்த்துப் பின்செய்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதே குழு அடுத்த வருடம் வந்து "போன தடவை மாதிரியே" என்று கேட்கும்போது, அந்தக் கோப்பைத் திறந்து புதிய துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்.